சமாதானத்துக்கு இரண்டு வண்டிகள்

"அவங்ககிட்ட என்னன்னு சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல. அவங்களே பேசிக்கிட்டாங்க. நான் சும்மா சிரிச்சேன்."

"சிரிச்சே."

"பின்ன என்ன பண்ணச் சொல்றே? இருபது ஆம்பளைங்க உக்காந்திருக்கிற மஜ்லிஸ்ல பொண்டாட்டி பேரை எடுத்துப் பேசச் சொல்றியா, அஃப்ரா?"

"வேணாம். எடுக்க வேணாம்."

அந்த "வேணாம்" ஒன்றுதான் நான் செய்த தப்பு. மார்ச் மாதத்தில் ஒரு சாயங்காலம், அடுப்பில் சாய் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். ஹுமைத் அதை அப்படியே நம்பி, நிம்மதியாகத் தூங்கப் போனான். மறுநாள் காலை நான் இரண்டு பெட்டிகளோடு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டேன். இப்போது ஆகஸ்ட்.

இத்தனைக்கும் காரணம் ஒரு தாள். பிப்ரவரியில் அபுதாபி பந்தயத் தடத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட நாளில் நானும் ஹுமைத்தும் அவனுடைய பழைய வண்டியோடு போனோம். அவன் நான்கு சுற்று ஓட்டினான். பிறகு அவன் ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டு நான் நான்கு சுற்று ஓட்டினேன். என் மூன்றாவது சுற்று அவனுடைய சிறந்த சுற்றைவிட ஆறு விநாடி குறைவு. ஆனால் தடத்துக்காரர்கள் சுற்று நேரத்தை அச்சடித்துத் தரும் தாளில் வண்டியைப் பதிந்தவர் பெயர்தான் வரும். அந்தத் தாளை என் கொழுந்தன் பூத்தி போட்டோ பிடித்து எல்லோருக்கும் அனுப்பினான். வாழ்த்து குவிந்தது. ஹுமைத் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் பதிலாகப் போட்டான்.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவன் சும்மா சிரித்ததாகச் சொன்ன அன்று இரவே, மஜ்லிஸில் யாரோ எடுத்த வீடியோ சுற்றிச் சுற்றி என் கைப்பேசிக்கும் வந்தது. அதில் ஹுமைத் சிரிக்கவில்லை, பேசிக்கொண்டிருந்தான். "மூணாவது வளைவுல எல்லாரும் பிரேக் போடற இடத்துல நான் போடல. ஒண்ணு, ரெண்டுன்னு மனசுக்குள்ள எண்ணினேன். அப்புறம்தான் காலை வெச்சேன்." அந்த ஒன்று, இரண்டு என்னுடையது. வீடு திரும்பும் வழியில் நான் அவனிடம் சொன்னது. என் வார்த்தையை ஒரு எழுத்து மாற்றாமல் அவன் சொன்னான். ஆறு தடவை பார்த்தேன். ஏழாவது தடவை பெட்டியை எடுத்தேன்.

எங்கள் ஆண்கள் வெளியாட்கள் முன்னால் மனைவி பெயரைச் சொல்ல மாட்டார்கள். "வீட்ல" என்பார்கள். என் அப்பாவும் அப்படித்தான். அதை நான் குறையாகச் சொன்னதே இல்லை. பெயரைச் சொல்லாமல் இருப்பது ஒன்று, என் கையையும் காலையும் தன்னுடையதென்று காட்டுவது வேறு. எனக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: அந்தச் சுற்றை ஓட்டியது அஃப்ரா. அதை அவனிடம் நான் கேட்கவில்லை. கேட்டு வாங்கினால் அது இன்னொரு அன்பளிப்பு ஆகிவிடும், தானாக வரட்டும் என்று இருந்தேன். செப்டம்பர் வரை பார்ப்பது, அப்புறம் குடும்ப நீதிமன்றத்தில் மனு என்று மனதுக்குள் தேதியும் குறித்திருந்தேன்.

வாக்கியத்தைத் தவிர மற்ற எல்லாம் வந்தது. கோபித்துக்கொண்டு போன மனைவியை அழைத்துவர 'ரத்வா' கொடுப்பது எங்கள் வழக்கம். மனம் ஆறுவதற்கான பொருள். முதலில் தங்கத்தில் ஒரு செட், ஹுமைத்தின் அம்மா எடுத்து வந்தாள். அவள் என் அப்பாவின் அக்கா, எனக்குச் சொந்த அத்தை. பெட்டியைத் திறக்காமலேயே ஒரு தட்டு லுகைமாத் இனிப்போடு திருப்பி அனுப்பினேன். அடுத்து அகில் கட்டையும் அத்தரும். அதுவும் போன வழியே போயிற்று. ஒவ்வொரு முறையும் பெரியவர்கள்தான் வந்தார்கள், பெரியவர்கள்தான் பேசினார்கள். ஹுமைத் மூலையில் உட்கார்ந்து காபிக் குவளையைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவன் என்ன பாவம் செய்தான் என்று எல்லோரும் ஊகித்தார்கள். இன்னொரு பெண் என்றது ஒரு கூட்டம், அத்தையின் நாக்கு என்றது இன்னொன்று. நான் யாருக்கும் பதில் சொல்லவில்லை.

மூன்றாவதாக வந்தது வண்டி.

"ரெண்டு வேக வண்டி பாத்து வெச்சிருக்கானாம்," என்றார் அப்பா. "எதை எடுக்கறதுன்னு நீயே சொல்லணுமாம். அவன் வேணாம்னா வேணாம். வண்டியைப் பாக்கறதுல என்னம்மா குறைஞ்சுபோகும்?"

என் பலவீனம் அவருக்குத் தெரியும். வண்டித் தகுதிச் சோதனை நிலையத்தில் எட்டு வருடமாக இன்ஜினியராக இருக்கிறேன். மாப்பிள்ளை பார்ப்பதைவிட அக்கறையாக வண்டி பார்ப்பேன். ஹுமைத்தைப் பார்க்கும்போது அந்த அக்கறையைக் காட்டியிருக்கலாம் என்று சொன்னேன். அப்பா குவளையால் வாயை மறைத்துக்கொண்டார்.

சரி, பார்க்கிறேன் என்றேன். சமாதானத்துக்காக இல்லை, அவன் தேர்வு செய்த இரண்டிலும் ஓட்டை கண்டுபிடித்து அவன் கையில் கொடுக்கலாமே என்றுதான். நிபந்தனை ஒன்று வைத்தேன். ஆகஸ்ட் வெயிலில், நண்பகலில், ஜெபல் ஹஃபீத் மலைப்பாதையில், கண்ணாடி எல்லாம் ஏற்றி, ஏசியை முழுசாக வைத்து இரண்டையும் ஏற்ற வேண்டும்.

சனிக்கிழமை பதினொன்றரைக்கு முதல் வண்டி வரும் சத்தம் மூன்று தெரு தள்ளியே கேட்டது. மஞ்சள் நிறம், எட்டு சிலிண்டர், அமெரிக்காவிலிருந்து தனியார் ஒருவர் கப்பலில் இறக்கியது. ஓட்டிவந்தது ஹுமைத். பின்னால் சத்தமே இல்லாமல் வந்தது சாம்பல் நிறம், ஆறு சிலிண்டர், ஜெர்மன். அதிலிருந்து பூத்தி இறங்கினான். எங்கள் ஊர் அல் ஐனில் ஒரு சேதி பரவ வேண்டுமானால் பூத்தி காதில் போட்டால் போதும், மாலைத் தொழுகைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

"மனுசங்க காலைல ஆறு மணிக்கு வண்டி பாப்பாங்க அண்ணி," என்றான் பூத்தி. "இந்த வெயில்ல ஒட்டகம்கூட வெளியே வராது."

"ஆறு மணிக்குப் பாத்தா எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். அதனாலதான் உங்க வீட்ல எல்லாரும் ஏமாந்துட்டு வர்றீங்க."

ஹுமைத் அருகே வந்தான். மெலிந்திருந்தான். கந்தூரா அங்கியின் கழுத்துக் குஞ்சம் கசங்கியிருந்தது. நான் இல்லாத வீட்டில் அதை நீவிவிட யாருமில்லை என்று தோன்றியது, அப்படித் தோன்றியதற்காக என்மேலேயே எரிச்சல் வந்தது.

"நல்லா இருக்கியா?" என்றான்.

"பானெட்டைத் திற."

பெயின்ட்டின் தடிமனை அளக்கும் கருவி என் கைப்பையில் எப்போதும் இருக்கும். சாம்பலைச் சுற்றி வந்தேன். நூற்றிருபது மைக்ரான், நூற்றிருபத்தைந்து, எல்லா இடத்திலும் ஒரே சீர். தொழிற்சாலையில் பூசியதோடு சரி. மஞ்சளும் பின்பக்கம் ஒழுங்காகவே காட்டியது. முன்பக்கம் வலது சக்கரத்துக்கு மேலே வைத்தேன். எழுநூறு.

"முட்டியிருக்கு. பள்ளம் தெரியாம உள்ளே பட்டி பூசியிருக்காங்க," என்றேன்.

"சின்ன உரசல்னுதான் விக்கறவன் சொன்னான்."

"எல்லாரும் சின்னதாத்தான் சொல்வாங்க ஹுமைத். நீதான் எதையும் பெருசாக்கிச் சொல்வே."

பூத்தி சிரித்தான். ஹுமைத் சிரிக்கவில்லை. அவன் காதுமடல் சிவந்ததை வெயில் என்று யாராவது நினைத்திருக்கலாம், நான் நினைக்கவில்லை.

மஞ்சள் அவனுக்குப் பிடித்திருந்தது. அதன் குதிரைசக்தியைச் சொன்னான், நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை விநாடியில் தொடும் என்று சொன்னான், சத்தத்தைக் கேட்டாலே மயிர்க்கூச்செறியும் என்றான். நான் குனிந்து ரேடியேட்டரைப் பார்த்தேன். புதுசு, ஆனால் அந்த வண்டிக்குப் பிறந்தது இல்லை. எதிலிருந்தோ பிடுங்கி இரண்டு பட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். வளைகுடா வெயிலுக்கென்று செய்யும் வண்டியில் இதைவிடப் பெரிதாக இருக்கும். இது குளிர்நாட்டில் ஒருமுறை செத்து, இங்கே மறுபிறவி எடுத்த வண்டி.

"இது மலையேறாது," என்றேன்.

"உனக்கு எதைக் குடுத்தாலும் குறைதான் சொல்வே."

"நீ குடுக்கறதெல்லாம் குறையாவே இருக்கே, நான் என்ன பண்ண?"

"நான் ஓட்டிக் காட்டறேன். ஏறுதா இல்லையான்னு பாரு."

ஆக, அவன் மஞ்சளில் முன்னால் போவது, நான் சாம்பலில் பின்னால் வருவது, பாதிவழியில் மாற்றிக்கொள்வது என்று முடிவாயிற்று. பூத்தி என்னோடு தனியாக வருவது முறையில்லை என்பதால் அண்ணனோடு ஏறினான். அப்பா வாசலில் நின்று இரண்டு புட்டித் தண்ணீரை என் மடியில் வைத்தார். "அவனுக்கும் குடு," என்றார். கண்ணாடியை ஏற்றினேன்.

சாம்பல் பேசாத வண்டி. காலை வைத்தால் கேட்ட அளவுக்குக் கொடுக்கும், ஒரு சொட்டு அதிகம் கொடுக்காது. ஸ்டியரிங் உள்ளங்கையில் சாலையைப் படித்துச் சொன்னது. அடிவாரத்தில் வெளி வெப்பம் நாற்பத்தேழு. மலைப்பாதை தொடங்கியதும் முன்னால் மஞ்சள் உறுமிக்கொண்டு சீறியது. முதல் பத்து வளைவுகளுக்கு அழகாகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். பதினைந்தாவதில் அதன் இடது கண்ணாடி மெல்ல இறங்கியது.

கைப்பேசியில் கூப்பிட்டேன். "கண்ணாடியை ஏத்து."

"ஏசில அனல் அடிக்குது. பூத்தி வெந்துபோயிடுவான்."

"வேகட்டும். நிபந்தனைன்னா நிபந்தனைதான்."

கண்ணாடி ஏறியது. உள்ளே பூத்தி யாரையோ சபிப்பது ஸ்பீக்கரில் கேட்டது, என்னையாகத்தான் இருக்கும். இன்னும் நான்கு வளைவு. அப்புறம் மஞ்சளின் மூக்கிலிருந்து வெள்ளையாக ஒரு நூல் கிளம்பி, புகைப்போர்வையாக விரிந்தது. ஹுமைத் ஓரத்தில் வண்டி நிறுத்தும் இடத்துக்குள் தள்ளாடிக்கொண்டு நுழைந்தான்.

நான் நிறுத்தி இறங்குவதற்குள் பச்சை நிறத்தில் கூலன்ட் தார்மேல் ஓடி, ஓடும்போதே காய்ந்துகொண்டிருந்தது. ஹுமைத் தலைத்துணியைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனான்.

"கையை எடு!"

ஓடிப்போய் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். இழுத்த வேகத்தில் அவன் என்மேல் சாய்ந்து, சமாளித்து நின்றான். ஐந்து மாதத்துக்குப் பிறகு நான் அவனைத் தொட்டது இப்படி, அடிப்பது மாதிரி.

"திறந்தா முகம் மொத்தமா போயிருக்கும். இதுகூடத் தெரியாதா உனக்கு?"

"தெரியும். அவசரத்துல..."

"அவசரத்துல எல்லாம் மறந்துடும். யாரு எதைப் பண்ணினாங்கன்னுகூட மறந்துடும்."

பிடித்த கையை விட மறந்திருந்தேன். விட்டேன். ஒரு புட்டித் தண்ணீரை அவன் கையில் வைத்தேன், இன்னொன்றைப் பூத்தியிடம் கொடுத்தேன். பூத்தி பாதியைக் குடித்து மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டான். ஹுமைத் குடிக்காமல் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடினான்.

"சரி. நீ சொன்னதுதான் சரி," என்றான். "சாம்பலையே எடுத்துக்கோ. நாளைக்கே உன் பேர்ல எழுதிடறேன். அப்புறம் வீட்டுக்கு..."

"வண்டி பிடிச்சிருந்தா ஏறி உக்காந்து வந்துடுவேன்னு நினைச்சியா?"

"அப்ப என்னதான் வேணும் உனக்கு?" அவன் குரல் முதல் முறையாக உயர்ந்தது. "தங்கம் வேணாம். அத்தர் வேணாம். மாமாவைப் பேச விட்டேன், பெரியப்பாவைப் பேச விட்டேன். உங்க வீட்டுக் காபியைக் குடிச்சுக் குடிச்சு வயிறு புண்ணாயிடுச்சு. வாயைத் திறந்து சொன்னாத்தானே எனக்குத் தெரியும்?"

"உனக்குத் தெரியாதா?"

அவனுக்குத் தெரியும். பார்வையைத் திருப்பிக்கொண்ட விதத்திலேயே தெரிந்தது. பிறகு மெதுவாக, "நீதானே வேணாம்னு சொன்னே," என்றான்.

"ஒண்ணும் வேணாம்" என்று மறுபடியும் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். விழுங்கினேனே தவிர, அந்த இடத்தில் வேறெதுவும் வரவில்லை. "ஏறுங்க," என்றேன். "மேலே போய்ப் பாத்துட்டு வரலாம். இன்னும் பாதி மலை இருக்கு. சோதனைன்னா முழுசா முடிக்கணும்."

மஞ்சளை எடுத்துப்போக ஆள் வரச்சொல்லிவிட்டு இருவரும் சாம்பலில் ஏறினார்கள். ஹுமைத் என் பக்கத்தில். பின்னிருக்கை என்று பெயருக்கு இருந்த பொந்தில் பூத்தி முழங்காலைத் தாடையில் முட்டுக்கொடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். இதை இருக்கை என்று விற்றவனைக் கோர்ட்டுக்கு இழுக்கலாம் அண்ணி என்றான். கோர்ட் என்றதும் நானும் ஹுமைத்தும் ஒரே நேரத்தில் முன்னால் பார்த்தோம்.

மூன்று பேரை ஏற்றியும் வண்டி முனகவில்லை. வெப்பமுள் அதன் இடத்தில் ஆணி அடித்தது போல நின்றது. ஏசி பூத்தியின் ஈரத்தலையைக் காயவைத்தது. வேக எல்லையைத் தாண்டவில்லை. அந்தப் பாதையில் ராடார் கண்ணில் படாமல் ஒரு குருவிகூடப் பறக்க முடியாது. ஆனால் எல்லைக்குள்ளேயே ஒரு வண்டியிடம் கேட்க வேண்டியதைக் கேட்கலாம். உச்சிக்குச் சற்றுக் கீழே இடதுபக்கம் மடங்கும் நீண்ட வளைவு வந்தது. மேலேயும் கீழேயும் யாரும் இல்லை. எல்லோரும் பிரேக்கில் கால் வைக்கும் இடம் வந்தது. நான் வைக்கவில்லை. ஒன்று. இரண்டு. வைத்தேன். மூக்கு தணிந்தது, வண்டி வளைவின் உள்விளிம்பைத் தடவிக்கொண்டு சுழன்று, வெளியே விட்ட அம்பு போல நேரானது.

பின்னாலிருந்து பூத்தி ஹுமைத்தின் தோளைத் தட்டினான்.

"அண்ணே! இதானே நீ அன்னிக்குச் சொன்னே? மூணாவது வளைவு! ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிட்டு அப்புறமா கால் வெக்கறது. வல்லாஹி, சத்தியமா அப்படியே அச்சு அசல். அண்ணிக்கு நல்லாத்தான் கத்துக் குடுத்திருக்கே."

இதைவிட நல்ல சந்தர்ப்பம் யாரும் யாருக்கும் எடுத்துக் கொடுக்க முடியாது. வெளியாள் இல்லை, மஜ்லிஸ் இல்லை, இருபது ஆண்கள் இல்லை. கூடப் பிறந்த தம்பி ஒருவன்தான், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நான் காத்திருந்தேன். ஒரு வளைவு போயிற்று. இன்னொன்று போயிற்று. ஹுமைத் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தான். தண்ணீர்ப் புட்டியின் மூடி அவன் கையில் திருகிக்கொண்டே இருந்தது. வாய் திறந்தது, பார்த்தேன்.

"பேசாம வா, பூத்தி," என்றான்.

அவ்வளவுதான்.

அந்த நிமிடம் எனக்குக் கோபம் வரவில்லை என்பதுதான் ஆச்சரியம். சோதனை நிலையத்தில் சில வண்டிகளை ஃபெயில் போடும்போது சொந்தக்காரரிடம் சொல்வேன்: இது கெட்ட வண்டி இல்லை, எங்கே கோளாறு என்று யாரும் உங்களிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான் என்று. ஹுமைத்திடம் ஐந்து மாதமாக நான் கோளாறை எழுதிய காகிதத்தையே நீட்டவில்லை. ஃபெயில் மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன்.

உச்சியில் வண்டி நிறுத்தும் திடல் காலியாக இருந்தது. நடுவில் கொண்டுபோய் நிறுத்தினேன். இன்ஜினை அணைக்கவில்லை.

"இறங்கலாமா அண்ணி?" என்றான் பூத்தி. "காலு ரெண்டும் செத்துடுச்சு."

"இரு. நீ கேக்கணும்."

ஹுமைத் திரும்பினான். அவன் முகத்தில் வெயிலும் இல்லை, கோபமும் இல்லை. பயம் இருந்தது. கல்யாணத்தன்று கையெழுத்துப் போடும்போது இருந்ததாக அப்பா சொன்ன அதே பயமாக இருக்கலாம். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஹுமைத், அன்னிக்கு நான் வேணாம்னு சொன்னது பொய். எனக்கு வேணும். இந்த வண்டி நல்ல வண்டி, ஆனா அதுக்காக நான் வரமாட்டேன். இவன்கிட்ட சொல்லு. மூணாவது வளைவுல கால் வெச்சது யாருன்னு சொல்லு. வீட்லன்னு சொல்லாதே. என் பேரைச் சொல்லு."